பக்கத்து அறைக்கு ஒரு சந்தா

ரோஸ்விதா லெம்கே அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாகச் செத்தவர்கள் யார் யார் என்று பார்ப்பாள். கோட்டைக் கழற்றி மாட்டுவாள். கணப்பில் கரிக்கட்டி ஒன்றைத் தள்ளுவாள். வெளியூர்த் தினசரிகளை மேசைமேல் பரப்பி, சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்து, மரண அறிவிப்புப் பக்கத்தில் குனிந்துவிடுவாள். மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு நான் சேர்ந்த அன்று இதைப் பார்த்து, ஐயோ பாவம், யாரோ வேண்டியவர் தவறிவிட்டார் போலிருக்கிறது என்று ஆறுதல் சொல்லப் போனேன்.

"ரொம்ப நெருங்கினவங்களா?"

"ரோஸ்டாக்ல ஒரு பல் டாக்டர்," என்றாள், தலையைத் தூக்காமல். "சந்தாதாரர். ஒரு இடம் காலி. நீ யாரு?"

"மார்லிஸ். புதுசா..."

"கதவைச் சாத்து மார்லிஸ். சூடு வெளிய போகுது."

எங்கள் பத்திரிகையில் இடம் அப்படித்தான் காலியாகும். யாராவது சாக வேண்டும், அல்லது எல்லையைத் தாண்டி மேற்கு ஜெர்மனிக்கு ஓட வேண்டும். ஓடுகிறவர்கள் சொல்லிவிட்டு ஓடுவதில்லை. அதனால் ரோஸ்விதா சாவையே நம்பியிருந்தாள்.

பத்திரிகையின் பெயர் 'பக்கத்து அறை'. பெர்லினில், வெட்டிங் பகுதியில் ஒரு பீர்க்கடையின் பக்கத்து அறையில், ஒரு வக்கீலும் இரண்டு நாடக விமர்சகர்களும் சேர்ந்து இருபதுகளில் தொடங்கியது. முன்பக்கம் அரசியல், பின்பக்கம் நாடகமும் புத்தகமும், நடுவில் யாரையாவது பிடித்துக் கிண்டல். ஹிட்லர் வந்த வருஷம் இழுத்து மூடினார்கள். வக்கீல் பிராகாவுக்குத் தப்பி ஓடினார், திரும்பவில்லை. போர் முடிந்து ஊர் முழுக்கச் செங்கல் குவியலாகக் கிடந்தபோது அவருடைய மனைவி ஒரு ரஷ்ய அதிகாரியின் வாசலில் தவம் கிடந்து அனுமதி வாங்கி மறுபடி கொண்டுவந்தாள். அப்புறம் ஊர் இரண்டாகி, கிழக்குப் பக்கம் எங்கள் அரசு வந்தது. எங்களை யாரும் தடை செய்யவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். காகிதம் இல்லை என்று மட்டும் சொன்னார்கள். இத்தனை பிரதிக்கு மேல் அச்சடிக்கக் கூடாது. கேட்பதற்கு எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பாருங்கள்!

அந்தக் கொஞ்சப் பிரதிக்குத்தான் நாடு முழுக்க அடிதடி. எங்கள் நாடக விமர்சகர் ஏதோ ஒரு பழைய ராஜா கதையைப் பற்றி எழுதுவார். நடுவில், இந்த ராஜாவுக்கு வர வர காது கேட்பதில்லை என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான். வாரம் முழுக்கச் சமையலறைகளில் உட்கார்ந்து ஜனங்கள் அந்த ஒரு வரிக்குச் சிரிப்பார்கள். ஒரே பிரதியை ஒரு கட்டடத்தின் எல்லா வீட்டிலும் கை மாற்றிப் படிப்பார்கள். கீழ்த்தளத்தில் திங்கட்கிழமை, மொட்டைமாடிக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை. பெட்டிக்கடைக்காரி அதைக் கண்ணில் படும்படி வைக்கவே மாட்டாள். வேண்டியவர்கள் வந்தால் மட்டும் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து எடுப்பாள். தக்காளி கொடுத்தவன் உண்டு, கார் டயர் கொடுத்தவன் உண்டு. லைப்சிக் நகரில் ஒரு தம்பதி விவாகரத்தின்போது காரைச் சுமுகமாகப் பிரித்துக்கொண்டு, சந்தா யாருக்கு என்பதில் நீதிபதி முன்னால் கத்திச் சண்டை போட்டார்கள்.

அந்தச் சந்தா வரிசைக்குக் காவல் ரோஸ்விதா. வாசகர் பகுதி என்று பெயர், அதில் அவள் ஒருத்திதான். காத்திருக்கிறவர்களின் அட்டைகள் சுவரோரம் மர இழுப்பறைகளில் தேதி வாரியாக நிற்கும். அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று. சந்தா சொத்து இல்லை. சந்தாதாரர் போய்ச் சேர்ந்தால் இடம் வரிசையில் அடுத்தவருக்கு. மனைவிக்கு இல்லை, பிள்ளைக்கு இல்லை, பேர் மாற்றுவது என்ற பேச்சே இல்லை. மேலிடத்துக்காரர்களுக்கு வேறு வழி இருந்தது, அது அவள் மேசைக்கே வராது. வந்தவர்களிடம் அவள் கறாராக இருந்தாள். ஒரு பெரிய நாடக நடிகர் ரோஜாப் பூக்களோடு வந்தார். பூவைத் தண்ணீரில் வைத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினாள்.

ஆகவே குடும்பங்கள் சாவை மறைத்தன. தாத்தா செத்து இரண்டு வருஷம் ஆகியும் அவர் பெயரில் பத்திரிகை போய்க்கொண்டே இருக்கும். ரோஸ்விதாவுக்குச் சந்தேகம் வந்தால் ஃபோனை எடுப்பாள். எங்கள் ஃபோன் பழைய கறுப்பு ஃபோன். அதில் பேசுகிற ஆளின் குரல் அறை முழுக்கக் கேட்கும். வேலையை வைத்துவிட்டு எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வோம்.

"ஹெர் க்ரூபேகிட்ட பேசணும்."

"அவர் குளிக்கிறாருங்க."

"சரி, நாளைக்குக் கூப்பிடறேன்."

"நாளைக்கும்... குளிப்பாருங்க."

"நல்லா சுத்தமான மனுஷன் போலிருக்கு," என்பாள் ரோஸ்விதா. ஃபோனை வைத்துவிட்டு அட்டையில் சிவப்புக் கோடு போடுவாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவள் சிரிக்க மாட்டாள்.

அவளுடைய கறாருக்குக் காரணத்தை ஒரே ஒருமுறை சொன்னாள், அதுவும் நான் கேட்டு நச்சரித்த பிறகு. போர் முடிந்த குளிரில், போலந்துக்குப் போய்விட்ட பிரெஸ்லௌ நகரிலிருந்து துரத்தப்பட்டு வந்த பிள்ளை அவள். ஏதோ ஒரு ஊர் ரயில் நிலையத்தில் ரொட்டி வரிசை. அம்மா நின்றிருக்கிறாள். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒவ்வொருவராக முன்னால் நுழைந்துகொண்டே இருந்தார்கள். அம்மா வாசலுக்கு வந்தபோது ரொட்டி தீர்ந்துவிட்டது. தம்பி அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. "அவ்வளவுதான்," என்றாள். "வேலையைப் பாரு."

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் டிராம் ஓட்டினார், சீக்கிரமே போய்விட்டார். அதனால் அவளுக்கு இருந்தது இந்த வரிசைதான் என்று சொன்னால் அவள் என்னைச் செருப்பால் அடிப்பாள். ஆனால் உண்மை.

வரிசையில் நின்றவர்களில் எங்களுக்கு நன்றாகப் பழகியவர் எவால்ட் மெர்டென்ஸ். வடக்கே உக்கர்மார்க் பக்கம் கூட்டுப் பண்ணைகளுக்கு மாட்டு டாக்டர். ஒவ்வொரு வசந்தத்திலும் மருந்து வாங்க பெர்லினுக்கு வருவார், சேற்று பூட்ஸோடு மாடியேறி வாசலில் நின்று தொப்பியைக் கழற்றுவார்.

"ஃபிராவ் லெம்கே, என் முறை எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

"அதுக்குள்ள நான் போயிட்டேன்னா?"

"உங்களுக்குப் பின்னாடி நிக்கறவருக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கும்."

அவர் இடி இடித்த மாதிரி சிரிப்பார். ஒருமுறை ஒரு ஜாடி வாத்துக் கொழுப்பு கொண்டுவந்தார், வீட்டில் மனைவி ஹெர்டா உருக்கியது. ரொட்டியில் தடவித் தின்றால் சொர்க்கம். எங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ரோஸ்விதா ஜாடியைத் திருப்பி அவர் பையிலேயே வைத்துக் கட்டிக்கொடுத்தாள். அன்று நான் அவளோடு பேசவில்லை.

பிறகு ஊரைப் பிரித்த பெர்லின் சுவர் விழுந்தது. அடுத்த வசந்தத்தில் காகிதக் கட்டுப்பாடும் போயிற்று. எவ்வளவு வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்! ஆசிரியர் கிளாமான் எல்லோரையும் கூப்பிட்டு பாட்டில் திறந்தார். கையில் கோப்பையோடு ரோஸ்விதாவைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தனை பேரும்மா காத்திருக்காங்க?"

ரோஸ்விதா எழுந்துபோய் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திறந்து வைத்தாள். சுவர் முழுக்க அட்டை. இருக்கிற சந்தாதாரர்களைவிடக் காத்திருப்பவர்கள் இரண்டு பங்கு. கிளாமான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இத்தனை ஜனமா!" என்றார். அந்த வாரமே அச்சகத்தில் மூன்று மடங்கு அச்சடிக்கச் சொன்னார். யாருக்கும் ஒரு நிமிஷம்கூட வேறு யோசனை வரவில்லை. எல்லோருக்கும் ஒரு முகவரி இருந்தது, எல்லோரும் வருஷக்கணக்காகக் கேட்டிருந்தார்கள், இனி என்ன?

இதைப் போன்ற ஒரு முட்டாள்தனத்தை எங்கள் ஆட்களால்தான் செய்ய முடியும். ஏனென்றால் அந்த அட்டைகள் எப்படி வந்தன என்று எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் அன்றே அதன் பெயரில் காருக்குப் பதிவு செய்வோம், பதினெட்டு வயதில் கிடைக்கட்டும் என்று. பத்திரிகைக்கும் அதையேதான் செய்தார்கள். அப்பா பெயரில் ஒன்று, அம்மா பெயரில் ஒன்று, தொட்டிலில் கிடக்கிற குழந்தை பெயரில் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று மாமனார் பெயரில் இன்னொன்று. நானே என் அக்கா மகன் பெயரில் போட்டிருந்தேன். அவனுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. எல்லோரும் செய்தோம், எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தத் திறந்த இழுப்பறைகளுக்கு முன்னால் நின்றபோது அத்தனை அட்டைக்கும் ஒவ்வொரு ஆள் இருப்பதாகவே நம்பினோம். ரோஸ்விதா முதலில் நம்பினாள். யாரையும் ஏமாற்ற விடாதவள், தன் இழுப்பறை தன்னை ஏமாற்றும் என்று எப்படி நினைப்பாள்?

முதல் சில மாதம் நன்றாகவே போயிற்று. மெர்டென்ஸ் தந்தியே அடித்தார்: என் முறை வந்துவிட்டது, நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். ரோஸ்விதா அதைச் சுவரில் ஒட்டினாள். சுவரில் அவள் எதையும் ஒட்டி நான் பார்த்ததில்லை.

அப்புறம் கட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. முகவரியில் ஆள் இல்லை. ஆள் மேற்கே போய்விட்டார். ஆளுக்கு நாலு வயது. பெட்டிக்கடைக்காரி இனி குனிய வேண்டிய அவசியமே இல்லை. மேற்கத்திய வண்ணப் பத்திரிகைகள் கண்ணைப் பறிக்க, எங்கள் சாம்பல் நிறப் பத்திரிகை கீழ் வரிசையில் பல்லிளித்தது. திரும்பிய கட்டுகள் நடைபாதையில் ஏறின, மாடிப்படியில் ஏறின. மத்தியானம் அதன்மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். பிறகு சந்தாவே நிற்க ஆரம்பித்தது. ரோஸ்விதா ஆயுள் முழுக்க 'இல்லை' என்று சொன்னவள். இப்போது ஒவ்வொரு தபாலிலும் அவளுக்கு 'வேண்டாம்' வந்தது.

மேற்கிலிருந்து ஒரு பதிப்பகம் எங்களை வாங்கியது. பாலிங் என்று ஒரு மேலாளர் வந்தார். நல்ல மனுஷன்தான், கத்தமாட்டார், எல்லோருக்கும் கை கொடுப்பார். அது இன்னும் மோசம், கோபப்பட ஆள் கிடைக்கவில்லை.

"உங்க வாசகர்களோட சராசரி வயசு என்ன, ஃபிராவ் லெம்கே?" என்று கேட்டார்.

"உயிரோட இருக்கறவங்களுக்கா, எல்லாருக்கும் சேர்த்தா?" என்று கேட்டாள் அவள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

பாலிங் மெல்லச் சொன்னார்: "பத்திரிகை ரொம்பத் தரமா இருக்கு. எனக்கு ஒரு வார்த்தை குறை இல்லை. ஆனா அடுத்த கோடைக்குள்ள சந்தா இந்த அளவுக்குக் கீழ போகாம இருந்தாத்தான் என்னால மேல பேச முடியும்." ஒரு காகிதத்தில் எண்ணை எழுதி அவள் பக்கம் தள்ளினார். "அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லைம்மா."

அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரோஸ்விதா கிளம்பிவிட்டாள். சந்தா நிறுத்தியவர்களை வீடு வீடாகப் பார்ப்பதாம். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என்னிடம் ஒரு பழைய வார்ட்பர்க் கார் இருந்தது. "நீ வரலேன்னா பஸ்ஸுல போறேன்," என்றாள். இப்படிச் சொன்னால் எப்படிப் போகாமல் இருப்பது?

அந்த இலையுதிர் காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் வாசலாக நின்றோம். ஒருவர்கூட எங்களை விரட்டவில்லை. எல்லோரும் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்கள், கேக் வெட்டினார்கள். ரோஜாப்பூ நடிகர் ரோஸ்விதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க நாடகக் கொட்டகையையே மூடப்போறாங்க ஃபிராவ் லெம்கே, நான் எதைப் பத்தி விமர்சனம் படிக்கிறது?" என்று அழுதார். ஒரு பள்ளி ஆசிரியை சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது.

"முன்னெல்லாம் வரிக்கு வரி நடுவுல தேடுவோம். இப்ப நீங்க எல்லாத்தையும் வரியிலயே எழுதிடறீங்க. தப்பா நினைக்காதீங்க, அதைத்தான் டிவிலயே சொல்லிடறாங்களே."

வாழ்நாள் முழுக்க எதற்காக ஏங்கினோமோ அது வந்து எங்களைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. காரில் ஏறியதும் ரோஸ்விதா பையைத் திறந்து அந்தக் காகிதத்தைப் பார்ப்பாள், மூடுவாள். அவளைப் பார்க்க மனசு தாங்கவில்லை.

மெர்டென்ஸின் கடிதமும் வந்திருந்தது. மன்னிக்க வேண்டும், பண்ணைகளைக் கலைத்துவிட்டார்கள், வரும் மாதத்திலிருந்து சந்தா வேண்டாம். சுவரில் அவருடைய தந்தி இன்னும் ஒட்டியிருந்தது. கடைசியாக அங்கே போனோம்.

கதவைத் திறந்தவள் ஹெர்டா. கட்டையான உடம்பு, கையெல்லாம் மாவு. யார் என்று தெரிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஓ, நீங்கதானா அந்த மகாராணி! பதினோரு வருஷம் என் மனுஷனை வாசல்ல நிக்க வெச்சீங்களே. என் வாத்துக் கொழுப்பு என்ன, விஷமா? திருப்பி அனுப்பினீங்க?"

"வரிசைன்னு ஒண்ணு இருந்துச்சு, ஃபிராவ் மெர்டென்ஸ்."

"இருந்துச்சு இல்ல? இப்ப நீங்க என் வாசல்ல நிக்கறீங்க. உள்ள வாங்க, குளிருது."

சமையலறையில் மெர்டென்ஸ் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகிவிட்டார். மாடுகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பார்க்க ஒரு கன்றுக்குட்டிகூட இல்லை என்றார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய், பெட்டி மேல் இருந்த துணியை விலக்கினார். அங்கே எங்கள் பத்திரிகை. அவருக்கு வந்த அத்தனை இதழும் அடுக்கி வைத்திருந்தது. ஒன்றின் மேலுறையும் பிரிக்கப்படவில்லை.

ரோஸ்விதா குனிந்து மேலே இருந்த உறையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் அவர். "காத்திருந்தப்போ பக்கத்து ஊர்ப் பாதிரியார்கிட்ட இரவல் வாங்குவேன். ரெண்டு நாள்ல திருப்பணும். கன்னு போடற மாட்டுப் பக்கத்துல விளக்கை வெச்சுக்கிட்டுப் படிச்சிருக்கேன். ஒரு எழுத்து விடமாட்டேன். இப்ப இது என்னோடது. எப்ப வேணா படிக்கலாம். அதனால நாளைக்கு, நாளைக்குன்னு... அப்படியே இருக்கு. ஏன்னு எனக்கே தெரியல. வெக்கமா இருக்கு."

ரோஸ்விதா என்ன செய்வாள்? அவருக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. முன்பாவது 'இல்லை' என்று சொல்ல முடிந்தது. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"நீங்க வெக்கப்பட ஒண்ணும் இல்ல, டாக்டர். நாங்க கிளம்பறோம்."

அப்போதுதான் ஹெர்டா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எவால்ட், சந்தாவை நிறுத்தாதே. இதுக்குத்தானே பதினோரு வருஷம் உயிரை விட்டே? நீ படிக்கலேன்னா நான் படிக்கறேன். உனக்கு உரக்கப் படிச்சுக் காட்டறேன். எனக்கு மட்டும் பொழுது போகுதா?" பிறகு ரோஸ்விதா பக்கம் திரும்பினாள். "சந்தா அவர் பேர்லயே இருக்கட்டும். உங்க சட்டம் எனக்குத் தெரியும்."

போகும்போது ஒரு ஜாடி வாத்துக் கொழுப்பைக் கொடுத்தாள். ரோஸ்விதா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பெர்லின் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அந்த இலையுதிர் காலம் முழுக்க நாங்கள் மீட்டது அந்த ஒரு சந்தாவைத்தான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டி முழக்க மனம் இல்லை. கோடை வந்தது. பாலிங்கின் எண்ணுக்குப் பக்கத்தில்கூட நாங்கள் இல்லை. அவர் வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். கடைசி இதழின் அட்டையில் கிளாமான் வாசகர்களுக்குப் பிரியாவிடை சொல்லி எழுதினார், நான் மெய்ப்புப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. ஒன்றாவது இருந்திருந்தால் திருத்துகிற சாக்கில் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்திருப்பேன். பீர்க்கடைப் பக்கத்து அறையில் பிறந்து, ஹிட்லருக்குப் பிறகும் எழுந்து, காகிதமில்லாத காலமெல்லாம் தாக்குப்பிடித்தது, காகிதம் தாராளமாகக் கிடைத்தபோது போய்ச் சேர்ந்தது.

அலுவலகத்தைக் காலி செய்ய மாதக் கடைசி வரை நேரம் கொடுத்தார்கள். நானும் ரோஸ்விதாவும் மட்டும் போய்வந்துகொண்டிருந்தோம். அவள் அப்போதும் காலையில் வந்ததும் தினசரிகளைப் பரப்பி மரண அறிவிப்புகளைப் படிப்பாள்.

"இன்னும் எதுக்கு ரோஸ்விதா? யாருக்கு இடம் குடுக்கப் போறீங்க?"

"பழக்கம்," என்பாள்.

ஒரு நாள் காலை உக்கர்மார்க் தினசரியில் அவள் பென்சில் நின்றது. நான் போய் எட்டிப் பார்த்தேன். எவால்ட் மெர்டென்ஸ், கால்நடை மருத்துவர். அடக்கம் குடும்பத்தோடு நடந்து முடிந்துவிட்டது. ரோஸ்விதா கோடு போடவில்லை. பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன், ஆறிப்போயிற்று.

மத்தியானம் ஆட்கள் வந்து இழுப்பறைகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். அப்போது ஃபோன் அடித்தது. நாளைக்கு அதையும் துண்டிக்கப் போகிறார்கள். ரோஸ்விதா பழக்கமாக எடுத்தாள்.

"வாசகர் பகுதி, லெம்கே."

"நான் ஹெர்டா மெர்டென்ஸ் பேசறேன்." அந்த உரத்த குரல் அறை முழுக்கக் கேட்டது. தூக்கிக்கொண்டிருந்த ஆட்களை நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "ரெண்டு வாரமா பத்திரிகை வரலை. ஏன் நிறுத்திட்டீங்க? சந்தா கட்டியாச்சே."

ரோஸ்விதா வாயைத் திறப்பதற்குள் ஹெர்டா அவசர அவசரமாகத் தொடர்ந்தாள்.

"அவரு நல்லாத்தான் இருக்காரு. யாராவது ஏதாவது சொல்லியிருந்தா நம்பாதீங்க. ஊர்ல ஆயிரம் பேசுவாங்க. அவரு... இப்ப தொழுவத்துல இருக்காரு. ஃபோனுக்கு வர முடியாது."

அந்தத் தொழுவத்தில் ஒரு மாடும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செத்துப்போன மனுஷனை மறைத்து, செத்துப்போன பத்திரிகைக்காக ஒருத்தி பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ரோஸ்விதா கண்டுபிடித்துச் சந்தாவைப் பிடுங்கிவிட்டாள், அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வேறென்ன நினைப்பாள், அவளுக்குத் தெரிந்த ரோஸ்விதா அப்படித்தான்.

"கடைசியா வந்த இதழைப் பிரிச்சீங்களா?" என்று கேட்டாள் ரோஸ்விதா. அதன் அட்டையில்தான் கிளாமானின் பிரியாவிடை இருந்தது.

"இல்ல. மேலுறை பிரிக்காம இருக்கு. அந்த வாரம் கொஞ்சம்... ஆஸ்பத்திரி அலைச்சல். எனக்குத்தான், முட்டி வலி. அவரும் நானும் சேர்ந்து படிக்கலாம்னு எடுத்து வெச்சிருக்கேன். அவருக்கு நான் படிச்சுக் காட்டினாத்தான் பிடிக்கும் இப்பல்லாம்."

ரோஸ்விதா என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்று அவள் பார்த்த பார்வை, நீ ஏதாவது சொல்லேன் என்பதுதான். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அதைப் பிரிக்க அவசரம் இல்ல," என்றாள் அவள் ஃபோனில். "இங்க அச்சகத்துல கொஞ்சம் தாமதம். நீங்க காத்திருக்கணும்."

"காத்திருக்கிறதா? அது எங்களுக்குப் புதுசா?" ஹெர்டா சிரிக்க முயன்றாள். பிறகு பயந்த குரலில் மெதுவாகக் கேட்டாள்: "ஃபிராவ் லெம்கே, பேரு... பேரு அப்படியேதானே இருக்கு?"

"எவால்ட் மெர்டென்ஸ்," என்றாள் ரோஸ்விதா. "அப்படியேதான் இருக்கு. அதுல நான் கோடு போட மாட்டேன்."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"சரி," என்றாள் ஹெர்டா. "அவர்கிட்ட சொல்றேன்."